தடுத்து ஆடிய டீமை அடித்து ஆட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வருடம் ஜூனில் சேலத்தில் எங்கள் கால்பந்து டீமின் கோச் பொறுப்பு என் கைக்கு வந்தது. பின்னால் நின்று கோலைக் காத்தே பேர் வாங்கிய டீம் இது. பந்து எதிரணியிடம் இருக்கும், நம் பசங்க மொத்தப் பேரும் நம் பாதிக்குள் நிற்பார்கள், கிடைத்த பந்தைத் தூக்கி அடிப்பார்கள், அது திரும்ப வரும், மறுபடி தூக்கி அடிப்பார்கள். இதை முன்னேறி ஆடும் டீமாக மாற்றப் போகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பசங்க, அவர்களுடைய அப்பா அம்மா, மைதானத்துச் சுவரோரம் டீ கிளாஸோடு நிற்கும் பழைய ஆட்டக்காரர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆளுக்குப் பாதி பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

தோற்காமல் ஆடிக்கொண்டிருந்த டீமை எதுக்குங்க மாத்தணும்?

தோற்கவில்லை, சரி. ஜெயிக்கவும் இல்லையே. நமக்கு டிராதான் அதிகம், டிரா எண்ணிக்கையை வைத்து யாரும் லீக்கில் மேலே போவதில்லை. கணக்குப் பாருங்கள்: மூன்று ஆட்டத்தையும் டிரா செய்தால் 3 புள்ளி. ஒன்றில் ஜெயித்து இரண்டில் தோற்றாலும் அதே 3 புள்ளி. இரண்டில் ஜெயித்து ஒன்றில் தோற்றால் 6. முன்பு வெற்றிக்கு 2 புள்ளிதான், அதனால் டிராவுக்கு நல்ல மதிப்பு இருந்தது. இங்கிலாந்து லீக் 1981-ல் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றியது, உலகக் கோப்பையில் அது 1994-ல் வந்தது. ஜெயிக்க முயற்சி செய்கிறவனுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நம் பையன் ஒருவனின் மாமா ஆத்தூர் பக்கம் கபடி ஆடியவர், அவருக்குக் கபடியை வைத்தே சொன்னேன். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரைடு சும்மா போய்த் திரும்பினால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். ஏன் அப்படி வைத்தார்கள்? பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவதையே ஆட்டமாக்கிவிடக் கூடாது என்றுதான். அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். நம் டீமில் பதினேழு, பதினெட்டு வயதுப் பசங்க இருக்கிறார்கள். வேலைக்கும் காலேஜுக்கும் நடுவில் விடிகாலை எழுந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவன், விங்கில் நன்றாக ஓடக்கூடியவன், போன சீசனில் எதிரணி பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள்) பந்தைத் தொட்ட ஞாபகமே இல்லை என்று சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

அப்ப பழைய கோச் செஞ்சதெல்லாம் தப்பா?

இல்லவே இல்லை. லைனை, அதாவது பின்வரிசையை, நேராகப் பிடிப்பது, பக்கத்தில் இருப்பவன் ஏமாந்தால் அடுத்தவன் கவர் கொடுப்பது, இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது, அதன் மேல்தான் நான் கட்டுகிறேன். தடுக்கவே தெரியாத டீமுக்கு அட்டாக் சொல்லிக்கொடுப்பது இதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இன்னொரு ஃபார்வர்டை இறக்கினால் போதாதா?

இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள், இதுதான் பலிக்காத வழி. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

மைதானம் 100 மீட்டர் நீளம் என்று வையுங்கள். நம் பேக், அதாவது பின்னால் நின்று தடுக்கும் நான்கு பேரும் பாக்ஸ் கோட்டில் நிற்கிறார்கள், அதாவது நம் கோலிலிருந்து 16.5 மீட்டரில். அவர்களுக்கு முன்னால் நடுவில் ஆடும் ஹாஃப் நான்கு பேர். பந்து நமக்குக் கிடைப்பது எங்கே? கிட்டத்தட்ட 20 மீட்டரில். அங்கிருந்து எதிரணி கோல் 80 மீட்டர். நம் ஃபார்வர்டு நடுக்கோட்டில் தனியாக நிற்கிறான், அவனுக்குப் பக்கத்து ஆளே 25, 30 மீட்டர் தள்ளி. பந்தைத் தூக்கி அடித்தால் அவன் முதுகில் இரண்டு ஸ்டாப்பர், அதாவது நடுவில் நிற்கும் பேக். அவன் பந்தை வாங்கி நிறுத்தினாலும் கொடுக்க ஆள் இல்லை, நம் ஆள் ஓடி வந்து சேர்வதற்குள் பந்து போய்விடும். இந்த இடத்தில் இன்னொரு ஃபார்வர்டை இறக்கினால் தனியாக நிற்கிறவர்கள் இரண்டு பேராவார்கள், நடுவில் ஓர் ஆள் குறைவதால் பந்து நமக்குக் கிடைப்பதும் குறையும். முன்பைவிட மோசம்.

இப்போது அதே நான்கு பேக்கையும் 20 மீட்டர் மேலே ஏற்றுங்கள். மற்றவர்களும் கூடவே ஏறுவார்கள். பந்து 40, 45 மீட்டரில் கிடைக்கும், எதிரணி கோல் 55 மீட்டரில், பந்து கிடைத்த நொடியில் சுற்றி நம் ஆட்கள் மூன்று நான்கு பேர். யாரையும் மாற்றவில்லை, யாரும் புதிதாக வரவில்லை. நான் இந்த மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்: நம் அட்டாக் ஸ்டாப்பரின் காலில் ஆரம்பிக்கிறது, அவன் எங்கே நிற்கிறான் என்பதில் ஆரம்பிக்கிறது.

இத்தாலியில் அர்ரிகோ சாக்கி என்ற கோச் 1987-ல் ஏசி மிலானுக்குப் போனபோது செய்ததும் இதுதான். ஸ்வீப்பர் ஒருவரைக் கடைசியில் நிறுத்தி மற்றவர்கள் ஆளுக்கு ஆள் பிடித்து ஆடுவதே அந்த நாட்டின் பழக்கமாக இருந்த காலம். அவர் கடைசி பேக்குக்கும் முதல் ஃபார்வர்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 25 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றார். மொத்த டீமும் ஒரு போர்வையை நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கிப் போவது மாதிரி ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும்.

பேக் மேலே ஏறினால் பின்னால் காலி இடம் கிடக்குமே, ஒரு லாங் பாலில் கோல் விழாதா?

விழும். விழுந்தது. நான் வந்தபின் இரண்டாவது ஆட்டத்திலேயே அப்படி இரண்டு கோல் வாங்கினோம், இதை மறைக்க நான் விரும்பவில்லை. இந்தக் கேள்விதான் இருப்பதிலேயே நியாயமான கேள்வி, அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லைன் மேலே இருப்பது தனியாக ஒரு வேலை கிடையாது, அதோடு இன்னும் மூன்று சேர வேண்டும். முதலாவது, பந்து வைத்திருக்கும் எதிரணிக்காரன் மேல் எப்போதும் ஒருவன் நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அவன் தலையைத் தூக்கிப் பார்த்து நிதானமாக அடிக்க முடிந்தால் நம் லைன் எவ்வளவு நேராக இருந்தாலும் பயனில்லை. பசங்களுக்கு நான் வைத்திருக்கும் சொல் ‘தலை’. எதிராளி தலை கவிழ்ந்திருந்தால் லைன் ஏறு, தலை நிமிர்ந்தால் லைன் இறங்கு. நாங்கள் அந்த இரண்டு கோலும் வாங்கியது இதில் கோட்டை விட்டதால்தான், முன்னால் யாரும் நெருக்கவில்லை, பின்னால் லைன் மட்டும் மேலேயே நின்றது.

இரண்டாவது கோலி. பழைய ஆட்டத்தில் கோலி கோட்டை விட்டு நகர வேண்டிய அவசியம் இல்லை. இப்போது அவன் பாக்ஸ் கோட்டுக்கு அருகே நின்று பின்னால் விழும் பந்துக்கு முதல் ஆளாக ஓடி வர வேண்டும். நம் கோலி ஆறு வாரம் பயந்தான், இப்போது அவனுக்கே இது பிடித்திருக்கிறது.

மூன்றாவது, நாம் அட்டாக்கில் இருக்கும்போதே பின்னால் யார் யார் நிற்பது என்பது முடிவாகியிருக்க வேண்டும். எதிரணி ஃபார்வர்டு இருவர் என்றால் நம் ஆள் மூவர், ஒருவர் என்றால் இருவர். இரண்டு ஸ்டாப்பரும், அவர்களுக்கு முன்னால் ஒரு ஹாஃபும் என்பது நம் வழக்கம். இடது பேக் ஏறினால் வலது பேக் நிற்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஏறும் ஆசையைத்தான் நான் இன்னும் அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், மேலே நின்று ஆடினால் கோல் அதிகம் வாங்குவோம் என்பது பொதுவான உண்மையே இல்லை. சாக்கியின் மிலான் 1987-88 சீசனில் 30 லீக் ஆட்டத்தில் வாங்கியது 14 கோல்தான், அந்த வருடம் சாம்பியனும் அவர்கள்தான். எதிரணி உங்கள் கோலுக்கு 60 மீட்டர் தள்ளியே ஆடிக்கொண்டிருந்தால் கோல் எப்படி அடிப்பார்கள்?

ஆனால் பிடிவாதம் வேறு, துணிவு வேறு. 2023 நவம்பரில் இங்கிலாந்து லீக்கில் செல்சிக்கு எதிராக டாட்டன்ஹாம் இரண்டு சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேராக ஆடியபோதும் கோச் ஏஞ்ச் போஸ்டகோக்ளு லைனை நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். 75-வது நிமிடம் வரை 1-1 என்று தாக்குப்பிடித்தார்கள், கடைசியில் 1-4. அந்த இரவு அந்த மைதானமே எழுந்து நின்று அவர்களைக் கைதட்டி அனுப்பியது, எனக்கும் அந்த டீமைப் பார்த்து மனசு நிறைந்தது. இருந்தாலும் என் பசங்க ஒன்பது பேராகிவிட்டால் நான் லைனை இறக்குவேன். பந்து மேல் நெருக்க ஆள் இல்லாதபோது லைன் மேலே இருப்பதற்கு அர்த்தமில்லை என்று நானேதான் மேலே சொல்லியிருக்கிறேன்.

ஸ்டாப்பர் பாஸ் கொடுக்கப் போய் பந்தைப் பறிகொடுத்து கோல் விழுந்தால் யார் பொறுப்பு?

நான். இதை முதல் வாரமே சொல்லிவிட்டேன், கமிட்டியிலும் சொல்லிவிட்டேன்.

தடுத்து ஆடும் டீமில் ஒரு பேக்குக்கு இத்தனை நாளும் கிடைத்தது என்ன? தூக்கி அடித்தால் கைதட்டல். பாஸ் கொடுத்துத் தவறினால் திட்டு. ஆக அவன் தூக்கி அடிக்கத்தான் செய்வான், அவன் புத்திசாலி. அந்தக் கணக்கை மாற்றாமல் போர்டில் எவ்வளவு அம்புக்குறி போட்டாலும் ஆட்டம் மாறாது. நான் சொன்னது இதுதான்: சொல்லிக்கொடுத்த பாஸைக் கொடுத்துப் பந்து போனால் ஒரு வார்த்தை பேச மாட்டேன், நம் ஆள் பக்கத்தில் சும்மா இருக்கும்போது பயந்து வெளியே அடித்தால் கேட்பேன். ஒரு ஆட்டத்தில் நம் ஸ்டாப்பர் நடுவில் கொடுத்த பந்து மாட்டி நேராகக் கோலாகிவிட்டது. அடுத்த நிமிடமே அவன் மைதானத்துக்கு வெளியே என் முகத்தைத்தான் பார்த்தான். நான் கையைக் காட்டி, மறுபடி அதே பாஸைக் கொடு தம்பி என்றேன். கொடுத்தான். அந்த ஆட்டம் தோற்றோம், ஆனால் என் கணக்கில் டீம் மாறியது அந்த நிமிடத்தில்தான்.

கோலி கையிலிருந்து தொடங்குவதிலும் இதே நியாயம்தான். 1992-ல் சொந்த ஆள் காலால் கொடுக்கும் பாஸைக் கோலி கையில் எடுக்கக் கூடாது என்று விதி வந்ததிலிருந்து அவனுக்குக் காலும் பழக வேண்டியிருக்கிறது. 2019-லிருந்து கோல் கிக்கில் பந்து பாக்ஸை விட்டு வெளியேற வேண்டியதில்லை, உள்ளேயே நம் ஸ்டாப்பர் வாங்கலாம். இந்த விதியைத் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் மூன்று பேர் வந்து நெருக்கினால் தூக்கி அடிப்பதுதான் சரி, அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

அட்டாக் என்றால் பந்தை நம்மிடமே வைத்துக்கொண்டு பாஸ் பாஸாகப் போவதா?

இல்லை. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் அந்த டீம் நீண்ட பாஸ் வரிசை எதுவும் கட்டவில்லை. இடைவெளி கிடைத்தால் நேராகக் குத்தியது. பந்தைப் பறித்த மூன்று நான்கு விநாடியில் எதிரணி கலைந்து கிடக்கும், அப்போது முன்னால் கொடுப்பதுதான் முதல் வேலை. அது முடியாவிட்டால்தான் பக்கத்தில் கொடுத்துக் காத்திருப்பது. பின்னாலேயே பத்துப் பாஸ் போட்டுக் கைதட்டு வாங்கினால் அதுவும் ஒரு வகையில் தடுத்து ஆடுவதுதான்.

பயிற்சியில் என்னதான் செய்கிறீர்கள்?

வாரத்துக்கு நான்கு நாள், காலை 6 மணிக்கு. முதலில் வட்டத்தில் ஐந்து பேர், நடுவில் இருவர், ஒரு டச், இரண்டு டச். அப்புறம் சின்ன மைதானம் கட்டி நாலுக்கு நாலு, இரண்டு பக்கமும் கோலி. பந்தை இழந்தால் உடனே ஐந்து ஆறு விநாடி மொத்தப் பேரும் பறிக்கப் போக வேண்டும், கிடைக்காவிட்டால் இறங்கி வரிசை கட்ட வேண்டும். கோச் கார்டியோலாவின் பார்சிலோனா ஆடியது அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது கடைசிப் பயிற்சி. முழு மைதானத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று, விதி ஒன்றே ஒன்று: கோல் விழும்போது அடித்த டீமில் கோலி தவிர மற்ற எல்லோரும் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால்தான் அந்த கோல் செல்லும். முதல் நாள் ஆறு கோல் அடித்தார்கள், ஒன்றுகூடச் செல்லவில்லை. ஃபார்வர்டு திரும்பி ஸ்டாப்பரைப் பார்த்து ‘ஏறுண்ணா, ஏறு’ என்று கத்த ஆரம்பித்தான். நான் எத்தனை தடவை சொன்னாலும் வராத வேகம் அந்த ஒரு கத்தலில் வந்தது.

சேலம் வெயிலில் இப்படி ஓட முடியுமா?

தொண்ணூறு நிமிடமும் முடியாது, முடியும் என்று எந்த கோச் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏப்ரல், மேயில் இங்கே மூன்று மணி வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் நெருக்குவதைத் துண்டு துண்டாக வைத்திருக்கிறோம்: ஆட்டம் தொடங்கி முதல் பத்து நிமிடம், இடைவேளைக்குப் பின் பத்து நிமிடம், எதிரணி த்ரோ எறியும்போதும் கோலிக்குத் திருப்பிக் கொடுக்கும்போதும். மற்ற நேரம் நடுக்கோட்டருகே வரிசை கட்டி நிற்போம். பந்து நம்மிடம் இருப்பதே ஓய்வு என்பதும் பசங்களுக்கு மெல்ல மெல்லப் புரிகிறது, துரத்துகிறவனுக்குத்தான் நாக்குத் தள்ளும்.

மாதம் ஒரு ஞாயிறு ஏற்காடு கூட்டிப் போகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரம், குளிர்ச்சி, பசங்க இரண்டு மடங்கு நேரம் பயிற்சி எடுக்கிறார்கள். பனியில் நனைந்த புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக வரும், முதல் டச் சரியில்லாதவன் அங்கே உடனே மாட்டிக்கொள்வான். கீழே நம் செம்மண் தரையில் பந்து எகிறும், அதுவும் வேறு மாதிரி பரீட்சைதான். நம் தரைக்கு நீளமான தரைப் பாஸ் சரிப்படாது, பத்துப் பன்னிரண்டு மீட்டர் பாஸ், உள்பாதத்தால், கொஞ்சம் அழுத்தி. ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் விட்டால் நிறைய வித்தியாசம் தெரிகிறது, இப்போது பசங்களே முறை வைத்துக் குழாய் பிடிக்கிறார்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

ஒரு சீசன் கொடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். சீக்கிரம் நடந்ததும் உண்டு. 2019-20 இந்தியன் சூப்பர் லீக் சீசனில் நம் சென்னையின் எஃப்சி முதல் ஆறு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தது, சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஜான் கிரிகோரியே விலகினார். டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். முன்னால் போய் ஆட விட்டார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை 4-1 என்று அடித்தார்கள், இரண்டாவதில் 2-4 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 6-5. ஃபைனலில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றது வேறு விஷயம். அவர்களுடைய ஃபார்வர்டு வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார். அந்த 6-5 என்ற கணக்கையும் பாருங்கள், அட்டாக் டீம் என்றால் நெஞ்சு படபடப்பும் சேர்ந்தே வரும்.

மெதுவாக நடந்ததும் உண்டு. சாக்கி முதல் சீசனில் ஆரம்பத்திலேயே சொந்த மைதானத்தில் ஃபியோரென்டினாவிடம் தோற்றார், ஐரோப்பியக் கோப்பை ஒன்றில் எஸ்பான்யோலிடம் தோற்று வெளியேறினார். நிர்வாகம் அவர் பின்னால் நின்றது, 1989-லும் 1990-லும் ஐரோப்பியச் சாம்பியன். நம் கமிட்டிப் பெரியவர்களிடம் இந்தக் கதையை நான் மூன்று தடவை சொல்லியிருப்பேன், நாலாவது தடவையும் சொல்வேன்.

ஒரு கோல் முன்னிலையில் கடைசிப் பத்து நிமிடம். அப்பவும் அட்டாக்கா?

இல்லை. 2025 மேயில் அதே போஸ்டகோக்ளுவின் டாட்டன்ஹாம் யூரோப்பா லீக் ஃபைனலில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்தது, முன்னிலை வந்தபின் பின்னால் நின்று காத்துத்தான். அதே சீசனில் லீக்கில் 22 ஆட்டம் தோற்று 17-வது இடம், கோப்பை வாங்கிய இரண்டே வாரத்தில் அவர் வேலையும் போனது. பின்னால் நிற்கத் தெரிந்த டீம் நம் டீம், அந்தக் கையிருப்பை நான் வீணாக்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, பாக்ஸுக்குள் போய்ப் பதுங்கக் கூடாது, 25, 30 மீட்டரில் லைன் நிற்க வேண்டும், ஒரு ஃபார்வர்டு மேலே இருக்க வேண்டும். எல்லோரும் இறங்கிவிட்டால் அடித்த பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

என் பையன் பேக் ஆடுறவன் சார், இனி அவனுக்கு டீமில் இடம் இருக்குமா?

ஒரு அம்மா கேட்டது இது, அம்மாபேட்டையிலிருந்து தினமும் பையனை வண்டியில் கொண்டுவந்து விடுகிறவர். இருக்குங்கம்மா. இந்த ஆட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாகப் பந்து தொடப் போவது உங்கள் பையன்தான். முன்னால் இருக்கும் இடத்தைப் பார்த்து அவன் முதல் பாஸைக் கொடுக்காவிட்டால் மற்ற பத்துப் பேரும் நிற்க வேண்டியதுதான். உங்களிடமும் சுவரோரம் நிற்கும் அண்ணன்களிடமும் ஒரே ஒரு உதவிதான் கேட்கிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள், அவன் காலில் பந்து இருக்கும்போது மட்டும் ‘அடிச்சு விடுறா’ என்று கத்தாதீர்கள். என் சத்தத்தைவிட உங்கள் சத்தம்தான் அவன் காதில் முதலில் விழுகிறது.